கேட்டதைத் திருப்பிச் சொன்னவர்

அவரிடம் எதைச் சொன்னாலும் அது முதலில் நம்மிடமே திரும்பி வரும்.

"டொக்டர் இருக்காருங்களா?" என்று கேட்டால், "டொக்டர் ஈக்கிறாரா எண்டு கேக்கிறீங்க" என்பார். நாம் ஆமென்று வாயால் சொன்ன பின்னரே "ஈக்கிறாரு, உக்காருங்க" என்ற விடை வரும். முதன்முறை வந்தவர்கள் அவர் கேலி செய்வதாக நினைத்தார்கள். அடுத்த முறை, காது மந்தமோ என்று நினைத்தார்கள். அதற்கும் அடுத்த முறை வருகிறவர்கள், தாம் கேட்க வேண்டியதை வழியிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

உக்குவளையில், கண்டி வீதியோரத்தில் இருந்த ஒரு டிஸ்பென்சரியின் வாயில்காவலர் அவர். என் அம்மா அங்கே மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாடசாலை விட்டதும் அம்மாவின் வேலை முடியும்வரை நான் அந்த வாயிலோரத்து மர வாங்கில்தான் உட்கார்ந்திருப்பேன். வைத்தியர் சிங்களவர், கலேவெலப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், தமிழ் அறியாதவர். நோயாளிகளில் பாதிப்பேர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் தமிழர்கள். இந்த இரு தரப்புக்கும் நடுவே நின்று பேச்சைக் கைமாற்றுவது, காவலோடு சேர்த்து அவர் தலையில் விழுந்த வேலை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி எல்லோருக்கும் அவர் நானா, முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைக்கும் சொல். எனக்கும் அவ்வாறே. விவாதப் போட்டிகளில் பேசுவதால் நான் மட்டும் அவருக்கு 'லோயரம்மா'.

"வாங்க லோயரம்மா. இண்டைக்கி யாரத் தோக்கடிச்சீங்க?"

விவாத மேடையில் என்னைத் தோற்கடித்தவர்கள் மிகச் சிலர் என்பதால், அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு விடை இருந்தது.

தோட்டத்துப் பெண் ஒருத்தி மாத்திரைப் பொட்டலத்தோடு வெளியே வருவாள். அவர் வழிமறிப்பார்.

"டொக்டர் செஞ்ச வேல முடிஞ்சி. இப்ப நீங்க செல்லுங்க தங்கச்சி. எப்ப குடிக்கணும்?"

"சரிங்க நானா, தெரியும்."

"சரி எனக்கு வேணாம். செல்லுங்க."

"காலையிலயும் அந்திக்கும்."

"சாப்பிட முந்தியா, பொறகா?"

"பொறகுதான். ஐயோ சாமி, ஸ்கூல்ல கூட என்னைய யாரும் இப்டிக் கேட்டதில்ல!"

வரிசை சிரிக்கும். உள்ளேயிருந்து வைத்தியரின் குரல் கேட்கும்: "நானா, மேக்க இஸ்கோலயக் நெவெய்!" இது பள்ளிக்கூடமல்ல என்று அவர் சிங்களத்தில் கடிந்துகொள்வதையும் நானா விட்டுவைக்க மாட்டார். "இது ஸ்கூல் இல்லையாம்" என்று வரிசைக்குத் தமிழில் அறிவித்துவிட்டுத்தான் அடுத்தவரை உள்ளே அனுப்புவார்.

'சரி' என்ற சொல்லை அவர் ஏற்பதில்லை, தாமும் சொல்வதில்லை. தலையாட்டுவதும் இல்லை. பேசும்போது அவருடைய தலை, கழுத்தில் இறுக்கிப் பொருத்தப்பட்டதுபோல் அசையாமல் இருக்கும்.

இந்தப் பழக்கத்தால் நன்மையே விளைந்தது என்று நான் வாதிட மாட்டேன். ஒருநாள் பிற்பகல், காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பன் ஓடிவந்தான். மூச்சிரைக்க அவன் சொன்னவற்றை நானா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். விடியற்காலையில் காய்ச்சல் வந்தது என்கிறீர்கள். இப்போது கண் மேலே போகிறது என்கிறீர்கள். அவன் தலையைத் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டல் அவருக்குப் போதவில்லை. வாயால் கேட்க வேண்டும் என்று நின்றார். அம்மா மருந்து மேசையை விட்டு எழுந்து ஓடிவந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு உள்ளே போனார். குழந்தை பிழைத்துக்கொண்டது. அம்மாவின் கோபம் மட்டும் அடங்கவில்லை.

"ஒங்களுக்குப் புத்தி இருக்கா நானா? புள்ளைக்கு இழுக்குது. நீங்க வாசல்ல நின்னு பாடம் ஒப்பிக்கிறீங்க!"

"புள்ளைக்கு இழுக்கிற நேரம் நான் பாடம் ஒப்பிச்சேன் எண்டு செல்றீங்க" என்றார் அவர்.

அம்மாவுக்கு அதற்குமேல் திட்ட முடியவில்லை. அவர் கிண்டல் செய்யவில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

அவர் இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் என்பதை ஊர் அறியும். ஐ.நா.வின் நீலத் தொப்பி அணிந்து வெளிநாடு போய்வந்த அமைதிப்படைக்காரர் என்பதையும் அறியும். ஒரு பெருநாளன்று வட்டிலப்பம் சாப்பிட அவர் வீட்டுக்குப் போனபோது அந்தத் தொப்பியை நான் பார்த்தேன். கொதிக்கும் கேத்தலின் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்க, அவருடைய மனைவி அதைத்தான் அடுப்படியில் வைத்திருந்தார். "நல்ல தடிச்ச துணி, சூடு ஏறாது" என்றார். நானா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. எந்த நாட்டுக்குப் போனார் என்று கேட்டால் 'அங்க' என்பதே விடை. ஆப்பிரிக்காவின் நடுவே, கடலைக் காணாத, அரபு பேசும் வறண்ட நிலம் என்ற அளவே அப்போது நான் அறிந்தது. இங்கும் அவ்வளவே எழுதுகிறேன்.

அவர் தொழுகை தவறாதவர். ஆனால் நாளைய காரியம் எதைப் பற்றிப் பேசினாலும் எந்த முஸ்லிமின் நாவிலும் இயல்பாக வந்து விழும் 'இன்ஷா அல்லாஹ்', இறைவன் நாடினால் என்ற அந்தச் சொல், அவர் வாயில் வந்ததே இல்லை. கலியாணத்துக்கு அழைத்தால் "வருவேன்" என்பார், அல்லது "வர மாட்டேன்" என்பார், அல்லது "தெரியாது" என்பார். ஊரில் அது குறையாகப் பேசப்பட்டது. இருமல் மருந்துக்கு வந்த பள்ளிவாசல் மௌலவி ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"நாளைக்கிச் செய்யிற வேலையப் பத்திச் செல்லக்குள்ள இன்ஷா அல்லாஹ் எண்டு செல்லத்தானே வேணும்?"

"செல்லத்தான் வேணும் ஹஸ்ரத். அதனாலதான் நாளைக்கிச் செய்றேன் எண்டு நான் ஒண்டுமே செல்றதில்ல."

மௌலவி இருமிச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதிர்வாதத்தின் நேர்த்தி எனக்குப் பிடித்திருந்தது.

உயர்தர வகுப்பில் ஒரு விவாதப் போட்டிக்கு 'அமைதிப்படைகளால் அமைதி பிறக்கிறது' என்ற தலைப்பு வந்தது. நான் ஆதரித்துப் பேச வேண்டிய அணி. கையெட்டும் தூரத்தில் ஒரு சாட்சி இருக்கையில் நூலகத்துக்கு எதற்கு? வாங்கில் உட்கார்ந்தபடியே விசாரணையைத் தொடங்கினேன்.

"அமைதிப்படை அங்க என்னதான் நானா செய்யும்?"

"அமைதிப்படை அங்க என்ன செய்யும் எண்டு கேக்கிறீங்க."

"ஆமா."

"பாக்கும்."

"பாத்து?"

"எழுதும். மேல அனுப்பும்."

"சண்ட நடந்தா?"

"சண்ட நடந்தாலும் பாக்கும். எங்களுக்கு அடிச்சா நாங்க திருப்பி அடிக்கலாம். எங்கட கண்ணுக்கு முன்னால வேற ஆளுக்கு அடிச்சா, மேல கேக்கணும். பதில் வாரத்துக்குள்ள அடிச்சவனும் போயிருவான். அடி வாங்கினவனும் போயிருவான்."

"அப்ப எதுக்குத்தான் போனீங்க?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம் பேசுறீங்க லோயரம்மா?"

"அமைதிப்படை வேணும்ங்கிற பக்கம்."

"அப்ப இதெல்லாம் எழுதாதீங்க, தோத்துப்போவீங்க. நல்லதும் ஈக்கு. தண்ணி சுத்தம் பண்ணிக் குடுத்தோம். சாப்பாட்டு லொறிகளுக்குக் காவல் போனோம். நாங்க நிண்ட எடத்துல, நிண்ட வரைக்கும், ஒரு வெடி விழல்ல. அத எழுதுங்க."

எழுதினேன். 'ஒரு வெடி விழவில்லை' என்பதன் கீழ் கோடும் இழுத்தேன். மாத்தளையில் நடந்த போட்டியில் அந்த வாக்கியத்தில்தான் அரங்கு கைதட்டியது. 'நின்ற வரைக்கும்' என்ற சொற்களை நான் மேடைக்கு எடுத்துச் செல்லவில்லை. வாக்கியத்தின் வேகத்தை அவை குறைக்கும் என்று தோன்றியது.

வெளிநாட்டில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பிய பெண்கள் டிஸ்பென்சரிக்கு வந்தால், நானாவிடம் இன்னொரு பழக்கம் தலைகாட்டும். குவைத்தா, சவூதியா, ஜோர்தானா என்று விசாரிப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க, என்ன செல்லுது எண்டு" என்று சொல்லிவிட்டு, கண்களை மூடிக்கொண்டு, உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, ஒரு நீண்ட அரபு வாக்கியத்தை ஓதுவார். ஓதுவார் என்று தெரிந்தே எழுதுகிறேன். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேதம் ஓதும் அதே இராகத்தில்தான் அது வரும்.

பெண்கள் விழிப்பார்கள்.

"இது எங்க மேடம் பேசுன அரபி மாதிரி இல்லீங்களே நானா."

"எங்க வீட்டுக் கெழவி துணி காயப்போடச் சொல்லித் திட்டுறாப்ல இருக்கு!"

"'புள்ளைங்க'ன்னு ஒண்ணு வருது. மத்ததெல்லாம் வேற நாட்டுப் பேச்சு."

மௌலவியிடமும் ஓதிக் காட்டியாயிற்று. நூல்களில் உள்ள அரபு இதுவல்ல என்று அவர் கைவிரித்துவிட்டார். மருந்து மேசையிலிருந்து அம்மா, "அடுத்தது அந்த நாட்டு ஒட்டகத்தையே கூட்டிட்டு வந்து கேப்பாரு" என்பார்.

வைத்தியர் வராத ஒரு மழை நாளில், வாயிலில் எங்களைத் தவிர எவரும் இல்லாத வேளையில், அந்த வாக்கியத்தின் வரலாற்றை அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. ஒருவேளை கேட்காததனால்தான் சொன்னார்.

அங்கே அவர்களுடைய முகாம் ஒரு கிராமத்தின் விளிம்பில் இருந்தது. மொழிபெயர்த்துச் சொன்ன உள்ளூர் மனிதர், குடும்பத்தைப் பார்த்து வரப் போனவர் திரும்பவில்லை. அதிகாரி அணியைச் சுற்றிப் பார்த்தார். முஸ்லிம் இவர் ஒருவர்தான்.

"'நீ முஸ்லிம்தானே, அரபு தெரியுந்தானே' எண்டாரு சேர். எங்கட ஆக்கள் எல்லாரும் சின்ன வயசிலேயே அரபு ஓதப் பழகுவோம். எழுத்துக் கூட்டி ஓதுவோம், மனப்பாடமா ஓதுவோம். அர்த்தம் தெரிஞ்சி பேசுறவங்க எத்தின பேரு? சேருக்கு அது எப்படி வெளங்கும்? நான் 'ஓதுவேன் சேர்' எண்டேன். பொய் இல்லத்தானே. அடுத்த நாளே என்ன வாசல் கேட்டுல காவலுக்குப் போட்டாங்க."

வாயிலுக்கு வந்தவர்களுக்கு அவர் ஸலாம் சொன்னார். நலமா என்று கேட்டார். இறைவனுக்கே புகழ் என்றார். அதற்குமேல் அவரிடம் மொழி இல்லை. ஆனால் நீலத் தொப்பி அணிந்த ஒருவன் தங்களுடைய வேதத்தை அட்சரம் பிசகாமல் ஓதுவதைக் கேட்டு அந்த மக்கள் அவரை நம்பினார்கள். தொலைவிலிருந்துகூட அவரைப் பார்க்க வந்தார்கள்.

ஒருநாள் ஒரு முதியவர் கழுதையில் வந்தார். சற்றுத் தள்ளி ஒரு முள்மர நிழலில் அவரோடு வந்த பெண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். அவர் ஏதோ சொன்னார். நானா விழித்ததைப் பார்த்து, மெதுவாக மறுபடி சொன்னார். பிறகு, மதரஸாவில் உஸ்தாது சொல்லிக் கொடுப்பதுபோல், வெட்டி வெட்டி இன்னொரு முறை சொன்னார். முடிவில் அது ஒரு கேள்வி என்பது மட்டும் இவருக்கு விளங்கியது. பின்னால் நின்ற அதிகாரி, "மொகத கியன்னே?" என்றார். என்ன சொல்கிறார்?

"அந்த நேரத்துல வெளங்கல்ல எண்டு செல்லியிருக்கலாம், லோயரம்மா. செல்லல்ல. 'ஸ்துதி கியனவா, சேர்' எண்டேன். நன்றி செல்றாரு எண்டேன். சேரும் தலய ஆட்டிட்டுப் போயிட்டாரு. அந்த மனுசன் எண்ட மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. பதில் குடுக்கணுமே. நானும் தலய ஆட்டினேன். 'இன்ஷா அல்லாஹ்' எண்டேன்."

முதியவர் இவருடைய இரு கைகளையும் பற்றித் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். மர நிழலில் நின்றவர்களிடம் போய் ஏதோ சொன்னார். அவர்களும் இங்கே பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகள் கையசைத்தார்கள்.

சில நாட்களில் முகாமைக் கலைக்கும் உத்தரவு வந்தது. வண்டித் தொடரின் பாதுகாப்புக்காக எவருக்கும் அறிவிக்காமல் விடியலில் புறப்பட்டார்கள். பின்னர் ஒருமுறை உணவு லொறிகளுக்குக் காவலாக அதே பாதையில் போக நேர்ந்தது. அந்தக் கிராமத்தில் சுவர்கள் இருந்தன, கூரைகள் இல்லை. முள்மரம் இருந்தது. காவல் வண்டியை நிறுத்த அனுமதி இல்லை.

"என்ன கேட்டாரு எண்டு தெரியல்ல. எதுக்கு நான் ஓம் எண்டேன் எண்டு தெரியல்ல. சத்தம் மட்டும்தான் எனக்கிட்ட ஈக்கு. அர்த்தம் தெரியாமப் பாடமாக்கிறது எங்களுக்குச் சின்னதுல இருந்து பழக்கம்தானே. மறந்திருமோ எண்டு ராகத்துல போட்டு வச்சிக்கிட்டேன்."

மழை விட்டது.

அந்த ஆண்டின் இறுதியில் அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. பல தேசங்களின் வேலையாட்களோடு குவைத்தில் நெடுங்காலம் இருந்த பெண் ஒருத்தி, அந்த வாக்கியத்தைப் பலமுறை ஓதச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுல 'போறது'ன்னு வருது நானா, நிச்சயமா" என்றாள். "எங்க மேடத்துக்குக் கோவம் வந்தா அந்தச் சொல்லாலதான் என்னைய வெரட்டும்."

நானா அதைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களப் போகத்தான் செல்லியிருக்கிறாரு லோயரம்மா. அவங்க ஊரு, நாங்க யாரு? போயிருங்க எண்டாரு. நான் இன்ஷா அல்லாஹ் எண்டேன். போயிட்டோம். குடுத்த சொல்லு மாறல்லத்தானே?"

விரட்டியவர் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாரா என்ற குறுக்குக் கேள்வி என் நாவின் நுனியில் இருந்தது. அவரும் அதை அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். ஆயினும் அதன் பின்னர் வாயிலில் நோயாளிகளை அவர் மறிப்பது சற்றுக் குறைந்தது. கடலை வாங்கி என்னோடு பகிர்ந்து தின்றார். ஒருமுறை, மெலிதாகத் தலையாட்டக்கூடச் செய்தார்.

பிறகு நான் பல்கலைக்கழகம் போனேன். இணையவழியில் நடந்த ஓர் ஆங்கில விவாதப் போட்டியில் எதிரணியில் பேசிய மாணவர் ஒருவர், தன் நாட்டின் பெயரைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நானாவின் 'அங்க' அதுவே; அவருடைய படை நின்ற இடத்தை அதற்குள் நான் தேடி அறிந்திருந்தேன். அந்த மாணவருடைய தந்தையின் ஊர், அந்த முகாம் இருந்த அதே பகுதி. விவாதத்தில் அவரை வென்றேன், பின்னர் நட்பானோம். நடந்ததைச் சொன்னபோது, அந்த வாக்கியத்தைக் கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

விடுமுறையில் இந்தச் செய்தியோடு டிஸ்பென்சரிக்கு வந்தேன். அம்மா என்னைத் தனியே இழுத்தார்.

"வேணாம், விட்ரு. அந்த மனுசன் இப்பதான் கொஞ்சம் நிம்மதியா இருக்காரு."

"அதே அர்த்தமா இருந்தா, அந்த நிம்மதி உறுதியாயிருமில்ல?"

"இல்லாட்டி?"

நானாவிடம் செய்தியைச் சொல்லி, முடிவை அவரிடமே விட்டேன். அவர் நாற்காலியில் இருந்து எழுந்து நின்று கேட்டார்.

"அந்த ஊர் ஆளு ஒத்தரு ஈக்கிறாரு. அவருக்கிட்டக் கேட்டா வெளங்கும் எண்டு செல்றீங்க."

"ஆமா நானா. ஒங்களுக்கு விருப்பம்னா மட்டும்."

வீதியில் மாத்தளை பஸ் ஒன்று நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அது வளைவில் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேப்போம்."

தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்தேன். அவர் தம் காவலர் தொப்பியைக் கழற்றினார். கண்களை மூடி, உடலை அசைத்து ஓதினார். மறுமுனையில் முதலில் ஒரு சிரிப்புக் கேட்டது. இது என்ன, தொழுகையா என்று கேட்டார் நண்பர். இராகம் இல்லாமல், பேசுவதுபோல் சொல்லச் சொன்னார். நானா முயன்றார். இராகத்தைக் கழற்றியதும் சொற்கள் சிதறின, பாதியில் நின்றுபோனார். மறுபடி இராகத்திலேயே, ஆனால் மிக மெதுவாக, வெட்டி வெட்டி, அந்த முதியவர் கடைசியாகச் சொன்ன விதத்தில் ஓதினார்.

இம்முறை மறுமுனையில் சிரிப்பு இல்லை.

நண்பர் எளிய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, என்னைக் கடந்து நேரே அவருக்கே சொன்னார். நீங்கள் போவதாக இருந்தால், ஒரு நாள் முன்னதாக எங்களுக்குச் சொல்லுங்கள். எங்களிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்கள் மெதுவாகத்தான் நடப்போம். சொல்வீர்களா?

தமிழாக்க நான் வாயெடுத்தேன். நானா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். முகாம்களில் பழகிய அந்த அளவு ஆங்கிலம் அவருக்குப் போதுமாக இருந்தது.

"போறதா இருந்தா," என்றார், "ஒரு நாளைக்கி முந்திச் செல்லுங்க எண்டு கேக்கிறீங்க."

எவரும் ஆமென்று சொல்லவில்லை. மருந்து மேசையில் அம்மா பொட்டலம் மடிப்பதை நிறுத்தியிருந்தார்.

அவர் திரும்பினார். குதிகால்கள் சேர்ந்தன. கைகள் தொடையோடு ஒட்டின. ஒருவரும் நிற்காத வெறும் சுவரைப் பார்த்து, இராணுவத்தில் அறிக்கை சொல்லும் குரலில், சிங்களத்தில் சொன்னார்:

"யனவா நங், தவசகட்ட கலின் கியன்ன கியனவா, சேர். ளமய் இன்னவாலு, சேர்."

போவதானால் ஒரு நாள் முன்பே சொல்லச் சொல்கிறார். பிள்ளைகள் இருக்கிறார்களாம். அன்று அந்த வாயிலில் சொல்லியிருக்க வேண்டியதை, சொல்லியிருக்க வேண்டிய மொழியில், அட்சரம் பிசகாமல் சொல்லி முடித்துவிட்டு அப்படியே நின்றார்.

தொலைபேசி இன்னும் என் கையில் ஒளிர்ந்தபடி இருந்தது. நண்பருக்கு இங்கே நடப்பது தெரியாது.

"பிறகு?" என்று கேட்டார் அவர் ஆங்கிலத்தில். "அவர்களுக்குச் சொன்னார்களா?"

நான் பேசப் பயிற்றுவிக்கப்பட்டவள். எந்தப் பக்கம் தந்தாலும் எழுந்து நின்று வாதிடக் கற்றவள். பாதுகாப்பு விதிகள் இருந்தன என்று சொல்லலாம். உத்தரவு மேலிருந்து வந்தது என்று சொல்லலாம். ஒரு சிப்பாய் சொல்லியிருந்தாலும் வண்டிகள் போயே இருக்கும் என்று சொல்லலாம். அத்தனையும் உண்மை. அவற்றில் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை.

நானா குனிந்து, என் கையிலிருந்த தொலைபேசிக்கு அருகே வாயைக் கொண்டுவந்தார்.

"நோ, சேர்" என்றார், தம் மகன் வயதுடைய அந்த மாணவரிடம்.

பிறகு தொப்பியை எடுத்து அணிந்துகொண்டு வாயிலுக்குப் போனார். பஸ்ஸில் இறங்கிய தோட்டத்துப் பெண் ஒருத்தி, தோளில் உறங்கும் பிள்ளையோடு வந்து நின்றாள். அடிக்கடி வருபவள், அவருடைய வழக்கம் அறிந்தவள்.

"நானா, டொக்டர் இருக்காருங்களா?"

"ஈக்கிறாரு" என்றார் அவர்.

அவள் உள்ளே போகவில்லை. தன் கேள்வி தன்னிடம் திரும்பி வரட்டும் என்று பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு காத்து நின்றாள்.